சின்னவ சாப்பிட்டாளா?

மார்ச் 11

அன்பு மருமக குருவிக்கு,

அத்தை எழுதுறேன். நானும் உங்கப்பாவும் சாமி புண்ணியத்துல நல்லா இருக்கோம். அதை மொதல் வரியிலயே எழுதிட்டேன், இல்லாட்டி நீ மிச்சத்தைப் படிக்காம நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு உக்காந்துடுவ. நீ எப்படி இருக்க? நேரத்துக்குச் சாப்பிடுறியா, இல்ல டீயும் ரொட்டியுமா ஓடுதா?

மலையில தீ புடிச்சதை டிவியில பாத்திருப்ப. நம்ம வீட்டுப் பக்கம் வரல. ரோட்டுக்கு அந்தப் பக்கமே நின்னுடுச்சு. ஆனா போன் டவர் எரிஞ்சு போச்சு. உங்கப்பாதான் வழி சொன்னாரு. காலையில உங்க ஊருக்குக் கிளம்புற பஸ்ஸோட டிரைவர் இவருகிட்ட வண்டி ஓட்டக் கத்துக்கிட்டவராம். லெட்டரைக் குடுத்தா சாயங்காலமே உன் ஆபீஸ்ல சேத்துடுவாராம். நீயும் பதிலை அவருகிட்டயே குடுத்து விடு. "இத்தனை வருஷம் பஸ் ஓட்டினதுக்கு இப்பத்தான் ஒரு பிரயோஜனம்"னு சொன்னேன். ஒரு பொழுது முழுக்க என்கூடப் பேசல. வீடு அமைதியா இருந்துச்சு.

மூடிக் கிடந்த நூல் மில்லு இருக்குல்ல, அதோட குடோனைத் திறந்து, மேல இருந்து இறக்கின ஆடு மாடு நாய் எல்லாத்தையும் அங்க கட்டியிருக்காங்க. மனுஷங்களுக்கு மட்டும் முகாம் போட்டாங்களா, "எங்க ஆட்டை விட்டுட்டு நாங்க எங்க வர்றது"ன்னு மேல இருக்கிறவங்க நகரவே இல்லையாம். அப்புறம்தான் நம்ம ஸ்கூல் டிரில் டீச்சர் மில்லுக்காரங்ககிட்டப் போய் சண்டை போட்டு சாவி வாங்கினாங்க. நான் கோயிலுக்குப் போற வழியில சும்மா எட்டிப் பாத்தேன். டீச்சர் வாயில விசிலை வெச்சுக்கிட்டே ஒரு வாளியை என் கையில திணிச்சாங்க. அன்னைக்கு சாமியைப் பாக்கவே இல்ல. மறுநாள் போய் மன்னிப்பு கேட்டேன். கோவிச்ச மாதிரி தெரியல, விளக்கு நல்லாத்தான் எரிஞ்சுது.

இப்ப தினமும் போறேன். செங்கல் சூளைக்கு மண்ணு சுமக்கிறவரோட ரெண்டு கழுதைங்க வந்திருக்கு. பெரியவ, சின்னவன்னு பேரு. அக்கா தங்கச்சி மாதிரி ஒட்டிக்கிட்டே நிக்கும். சின்னவ சூடான சாம்பல்ல நடந்து வந்ததுல குளம்பெல்லாம் வெந்து போச்சு. பாக்க முடியல குருவி.

போன வருஷம் வெள்ளத்துக்குப் போய் மாடு கண்ணெல்லாம் காப்பாத்திட்டு வந்ததுல இருந்து நீ அந்த மாட்டு டாக்டர் வேலையையே விட்டுட்ட. ஏன்னு நான் கேட்டதில்ல, இப்பவும் கேக்கல. இது ஒரு சந்தேகம், அவ்வளவுதான். வெந்த குளம்புக்கு என்ன போடணும்?

உடம்பைப் பாத்துக்கோ. சாமி உன்கூட இருக்கும்.

உன் அத்தை

மார்ச் 13

அன்புள்ள அத்தைக்கு,

குருவியின் வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்த பிறகுதான் மூச்சு வந்தது. அப்பாவுக்கு இருமல் இருக்கிறதா? இருந்தாலும் இல்லை என்றுதான் சொல்லுவார். நீங்களே காதை வைத்துக் கேளுங்கள். இரண்டு பேரும் வெளியே போகும்போது ஈரத்துணியால் மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள்.

நான் நலம். மருந்துக் கம்பெனியில் வேலை ஒரே மாதிரி போகிறது. பெட்டிகளில் காலாவதித் தேதி சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறேன். உயிருள்ள எதையும் தொட வேண்டியதில்லை.

கழுதையைப் பற்றி அங்கே இருக்கும் டாக்டரைக் கேளுங்கள். என்னைக் கேட்காதீர்கள், அத்தை. நான் இப்போது அந்த வேலையில் இல்லை.

உங்கள் முழங்காலுக்குத் தைலம் தேய்க்க மறக்காதீர்கள்.

அன்புடன்,
குருவி

மஞ்சள், எண்ணெய் எதுவும் தடவ வேண்டாம். நீங்கள் தடவுவீர்கள் என்று எனக்குத் தெரியும். சுத்தமான குளிர்ந்த தண்ணீரால் கழுவி, டாக்டர் கொடுக்கும் மருந்தை மட்டும் போட்டு, பஞ்சு வைத்துக் கட்டுங்கள். நிற்கிற இடத்தில் வைக்கோலைக் கனமாகப் பரப்புங்கள்.

மார்ச் 17

அன்பு குருவிக்கு,

அத்தையோட ஆசீர்வாதம். இங்க எல்லாரும் சுகம். உங்கப்பா இருமுறாரு, நீ சொன்ன மாதிரியே இல்லைன்னு சாதிக்கிறாரு. நீ எழுதினதைப் படிச்சப்போ என் கையில மஞ்சள் டப்பா இருந்துச்சு. அப்படியே மூடி வெச்சுட்டேன். இத்தனை தூரத்துல இருந்துக்கிட்டு எப்படித்தான் கண்டுபுடிக்கிறியோ.

நான் பண்ணின கூத்தைக் கேளு. குடோனுக்கு வர்ற ஒவ்வொரு உசுருக்கும் கழுத்துல ரிப்பன் கட்டணும். நல்லா இருந்தா பச்சை. அடிபட்டு இங்கயே வைத்தியம்னா மஞ்சள். உங்க ஊருப் பக்கத்துல இருக்கிற பெரிய முகாமுக்கு அனுப்ப வேண்டியதா இருந்தா சிவப்பு. கட்டுற பொறுப்பை டீச்சர் என்கிட்டதான் குடுத்தாங்க. நான் ஸ்கூல் பிள்ளைக்கு ரெட்டை ஜடை பின்னி விடுற மாதிரி அழகா பூ முடிச்சு போட்டு விட்டேன். அன்னைக்குன்னு பாத்து பச்சை தீந்து போச்சு. சிவப்பு கட்டுக் கட்டா கிடக்கு. வெறுங்கழுத்தா நிக்குதுங்களே, சிவப்பு மங்களமாச்சே, சாமிக்குச் சாத்துற நிறமாச்சேன்னு நல்லா இருந்த எல்லாத்துக்கும் சிவப்பைக் கட்டிட்டு, சாமி கும்பிட்டுட்டு, வீட்டுக்கு வந்துட்டேன்.

நான் இந்தப் பக்கம் வர, அந்தப் பக்கம் லாரி வந்து சிவப்பு ரிப்பனையெல்லாம் ஏத்திக்கிட்டுப் போயிடுச்சு! ஆடு, கோழிக்கூண்டு, தபால்காரரோட குண்டு நாய் எல்லாம் டவுனுக்குப் பயணம். மறுநாள் டீச்சர் என்னைப் பாத்து ஊதின விசில் இருக்கே, மில்லுக்காரங்க பழைய ஷிப்ட் சங்கை மறுபடியும் ஊத ஆரம்பிச்சுட்டாங்கன்னு ஊரே நினைச்சுது. தபால்காரர் நாயை நம்ம பஸ் டிரைவர் தன் சீட்டுக்குப் பக்கத்துலயே உக்கார வெச்சுக் கூட்டிட்டு வந்துட்டாரு. மத்ததெல்லாம் அங்கயே வசதியா இருக்காம், தீ முழுசா அணைஞ்ச பிறகு வரட்டும்னு விட்டுட்டாங்க. பெரியவளும் அங்கதான். நல்லா திங்கிறாளாம்.

சின்னவ இங்கயே இருக்கா. லாரியில நின்னா குளம்பு தாங்காதுன்னு அவளுக்கு இங்க இருக்கிற மாட்டு டாக்டர் தம்பி மஞ்சள் ரிப்பன் கட்டச் சொல்லியிருந்தாரு. ரெண்டு நாளா செவுத்தைப் பாத்துக்கிட்டே நிக்கிறா. வைக்கோலைத் தொடல. காலு வலி போல. சின்னவ வாய் வைக்கிற வரைக்கும் டீயில சர்க்கரை போட மாட்டேன்னு வேண்டிக்கிட்டேன். சர்க்கரை கூடாதுன்னு எனக்கு எப்பவோ சொல்லிட்டாங்க, ஆனா அதையெல்லாம் சாமிகிட்ட போய் சொல்லிக்கிட்டு இருக்க முடியுமா?

வேளைக்குச் சாப்பிடு கண்ணு.

உன் அத்தை

மார்ச் 17, மாலை

அத்தைக்கு,

வணக்கம். நலம் விசாரிக்க நேரமில்லை. பஸ் டிரைவரை நிறுத்தி வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அது கால் வலி இல்லை. கழுதைகள் ஜோடி சேர்ந்தால் பிரிந்து இருக்காது. பிரித்தால் சாப்பாட்டை நிறுத்திவிடும். சாப்பிடாத கழுதைக்கு உடம்பில் இருக்கும் கொழுப்பெல்லாம் ரத்தத்தில் இறங்கிவிடும். ஈரல் கெட்டுப்போகும். காயத்தால் சாகாத கழுதைகூட இதனால் செத்துவிடும். இதை அப்படியே அங்கே இருக்கும் டாக்டரிடம் காட்டுங்கள். ரத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். இன்றே சொட்டு மருந்து ஏற்ற வேண்டும். தவிட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் பிசைந்து, வெல்லம் கரைத்து, கையால் ஊட்டுங்கள். ஒரு வாய் என்றாலும் சரி.

ஆனால் இதெல்லாம் நாளைக் கடத்தத்தான். பெரியவளைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். யாராவது உடனே கொண்டுவர வேண்டும்.

குருவி

மார்ச் 19

அன்பு குருவிக்கு,

ஆசீர்வாதம். உங்கப்பா சுகம். என்னைக் கேக்காத.

நீ எழுதினதைப் படிச்சதும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. மங்களம் மங்களம்னு கட்டி விட்டு ரெண்டையும் நானே பிரிச்சுட்டேனே! டாக்டர் தம்பிகிட்ட ஓடினேன். பாவம், சின்னப் பையன், நின்னுக்கிட்டே தூங்குறாரு. உன் லெட்டரை ரெண்டு தடவ படிச்சாரு. "இதை எழுதினவங்க யாரு?"ன்னு கேட்டாரு. "எங்க மருமக"ன்னேன். ரத்தம் எடுத்துப் பாத்தாரு. நீ சொன்னது சரியாம். சொட்டு மருந்து ஏத்தியிருக்காரு. தானா சாப்பிட ஆரம்பிக்கலைன்னா, சும்மா வதைக்காம ஒரு ஊசியோட முடிச்சுடுறதுதான் நல்லதுன்னு என்கிட்ட மட்டும் மெதுவா சொன்னாரு. கழுதைங்களை வளக்கிற சூளைக்காரர் அப்போ அவ முதுகைத் தடவிக்கிட்டு நின்னாரு. காதுல விழுந்திருக்காதுன்னு நம்புறேன்.

பெரியவளைக் கொண்டுவர டீச்சர் லாரி கேட்டாங்க. காத்து திரும்பி மறுபடியும் புகையுதாம். அதனால செக்போஸ்ட்டைத் தாண்டி பஸ்ஸைத் தவிர எதையும் விடுறதில்ல. மிருகம் ஏத்தின வண்டின்னா, கூடவே ஒரு கால்நடை டாக்டர் இருந்து கையெழுத்துப் போட்டாத்தான் விடுவாங்களாம். இங்க இருக்கிற ஒரே டாக்டர் இவரு. இவரு இறங்கினா மத்த உசுருங்களை யாரு பாக்குறது? உங்க ஊரு முகாம்ல இருக்கிற டாக்டர்களும் நகர முடியாதுன்னு சொல்லிட்டாங்க.

நிலைமை இதுதான். நான் சாமிகிட்ட சொல்லியிருக்கேன்.

உன் வேலையெல்லாம் ஒழுங்கா நடக்குதா? வெயில்ல அலையாத.

உன் அத்தை

மார்ச் 22

அன்பு குருவிக்கு,

அத்தையோட ஆசீர்வாதம். உன்கிட்ட இருந்து பதில் வரல. பரவாயில்ல, வேலை இருக்கும். டிரைவர் தம்பி தினமும் இறங்கினதும் என் முகத்தைப் பாத்துட்டு, "இல்லைம்மா"ங்கிறாரு. அவரை நான் ஒண்ணும் கேக்குறதில்ல, அவரா சொல்றாரு.

சின்னவ எலும்பும் தோலுமா ஆயிட்டா. ஊட்டினா ரெண்டு வாய் வாங்குறா, மூணாவது வாய்க்கு முகத்தைத் திருப்பிக்கிறா. சூளைக்காரர் வீட்டுக்கே போறதில்ல. அவரு அதிகம் பேசுற ஆளு இல்ல. நேத்து மட்டும், "எனக்கு முன்னாடி இது சாப்பிட்டுத்தான் பழக்கம்மா"ன்னாரு. அவரையும் சாப்பிட வைக்க முடியல.

எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. நம்ம வீட்டு ஆளுயரக் கண்ணாடி இருக்குல்ல, அதைக் கொண்டுபோய் இவ முன்னால வெச்சா என்னன்னு தோணுச்சு. தூக்குறதுக்கு உங்கப்பாவைக் கூப்பிட்டேன். "கழுதைக்குக் கண்ணாடி காட்டத்தான் நான் இத்தனை வயசு வரைக்கும் உசுரோட இருக்கேனா?"ன்னாரு. "வேற எதுக்கு இருக்கீங்கன்னு யோசிச்சு சொல்லுங்கண்ணே, அந்த வேலையைத் தர்றேன்"னேன். முனகிக்கிட்டே ஒரு முனையைப் புடிச்சாரு. தெருவே வேடிக்கை பாத்துச்சு.

கண்ணாடியை வெச்சதும் சின்னவ காதைத் தூக்கினா. கிட்டப் போய் மூக்கை வெச்சுப் பாத்தா. என் கையில இருந்த தவிட்டை ஒரு கை முழுசா தின்னா குருவி! சூளைக்காரர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாரு. அப்புறம் சின்னவ மெதுவா நடந்து, அந்த வெந்த காலோட நடந்து, கண்ணாடிக்குப் பின்னால போய்ப் பாத்தா. அங்க செவுருதான் இருந்துச்சு. பழையபடி நின்னுட்டா. உங்கப்பா மூக்கைச் சிந்திக்கிட்டு, "இந்தப் புகை ஒத்துக்கல"ன்னு வெளிய போனாரு. அன்னைக்குப் புகையே இல்ல.

உடம்பைப் பாத்துக்கோ. பதில் எழுதணும்னு அவசரமில்ல.

உன் அத்தை

மார்ச் 23

அன்புள்ள அத்தைக்கு,

குருவியின் வணக்கம்.

இங்கே இருக்கும் முகாமுக்குப் போனேன். முதல் நாள் கேட் வரை போனேன். உள்ளே இருந்து மாடுகள் கத்தும் சத்தம் கேட்டது. வெள்ளத்தில் காப்பாற்ற முடியாமல் போனவை கத்திய அதே சத்தம். திரும்பி வந்துவிட்டேன். மறுநாளும் அப்படித்தான். நேற்று மாலை உங்கள் கடிதம் வந்தது. இன்று உள்ளே போனேன்.

கழுதைகள் நிறைய இருந்தன. எல்லாம் ஒரே சாம்பல் நிறம். ஒன்றின் கழுத்தில் மட்டும் பள்ளிக்கூடத்துப் பெண் மாதிரி சிவப்பு ரிப்பன் பூ. இவ்வளவு அழகாக முடிச்சுப் போடுகிறவர் உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். "நல்லா சாப்பிடுகிறாள்" என்று உங்களுக்குச் சொன்னது பொய். இவளும் பாதிதான் சாப்பிடுகிறாள். ஆள் இல்லாததால் யாரும் கவனிக்கவில்லை.

லாரி கிடைத்துவிட்டது. நாளை மறுநாள் காலையில் கிளம்புகிறோம். என் பதிவுச் சான்று இன்னும் செல்லும். எடுத்துப் பார்த்தேன். கையெழுத்து நான் போடுகிறேன். அப்பாவை முதல் பஸ்ஸில் செக்போஸ்ட்டுக்கு வரச் சொல்லுங்கள். அங்கே இருப்பவர்களை அவருக்குத் தெரியுமே.

நீங்கள் எழுதிய நாலு கடிதத்தையும் திருப்பித் திருப்பிப் படித்தேன், அத்தை. "நீ வா" என்று ஓர் இடத்தில்கூட எழுதவில்லை.

சின்னவளுக்கு ஊட்டுவதை நிறுத்தாதீர்கள். அவள் தின்னும் ஒவ்வொரு வாயும் எனக்கு ஒரு மணி நேரம்.

அன்புடன்,
குருவி

மார்ச் 26

என் தங்கக் குருவிக்கு,

அத்தையோட ஆயிரம் ஆசீர்வாதம். உங்கப்பா கையிலயே இதைக் குடுத்து விடுறேன். செக்போஸ்ட் கூடாரத்துல படுக்கிறதுக்குப் பாய் இருக்கா? பெட்ஷீட் ரெண்டு வெச்சிருக்கேன்.

நீ இங்க வரைக்கும் வருவன்னு வாசல் பெருக்கி வெச்சுக் காத்திருந்தேன். உங்கப்பா மட்டும் வர்றாரு! வெந்த ஆடுங்களோட ஒரு வேன் அந்தப் பக்கத்துச் சரிவுல இருந்து அதே நேரத்துல வந்து நின்னுச்சாம். பாக்க ஒரு டாக்டர் கூட இல்லையாம். நீ லாரியில இருந்து பெரியவளை இறக்கி, கயித்தை உங்கப்பா கையில குடுத்துட்டு, லாரியையே ஆஸ்பத்திரி ஆக்கிட்டு உள்ள போயிட்டியாம். "திரும்பிக்கூடப் பாக்கல, 'அப்பா, வேகமா நடங்க'ன்னு அதட்டுறா"ன்னு பெருமையா சொன்னாரு. அவரு வாழ்க்கையில யாரு அதட்டியும் இப்படிப் பெருமைப்பட்டு நான் பாத்ததில்ல.

நீ பாக்காததை நான் சொல்லணும்ல, கேளு. பெரியவ மில்லு திருப்பத்துல வரும்போதே கத்தினா. அவ்வளவுதான், குடோனுக்குள்ள சின்னவ தலையைத் தூக்கினா. வந்த நாள்ல இருந்து ஒரு சத்தம் போட்டதில்ல அவ. போட்டா பாரு ஒரு கத்தல்! குடோன் தகரமெல்லாம் அதிர்ந்துச்சு. டீச்சர் விசிலு வாயில இருந்து கீழ விழுந்துடுச்சு. பெரியவ உங்கப்பாவை இழுத்துக்கிட்டு உள்ள ஓடி வந்தா. "கயித்தை விடுங்கண்ணே"ன்னு நான் கத்துறேன், மனுஷன் பஸ் ஸ்டியரிங்கைப் புடிச்ச மாதிரி புடிச்சுக்கிட்டு பின்னாலயே ஓடுறாரு. வந்த வேகத்துல நம்ம கண்ணாடியை ஒரு தள்ளு தள்ளினா. தூள் தூளாப் போச்சு. போகட்டும் சனியன்.

ரெண்டும் கழுத்து மேல கழுத்தைப் போட்டுக்கிச்சு. ஒண்ணு பிடரியை ஒண்ணு பல்லால சொறிஞ்சு விட்டுக்கிட்டே இருந்துச்சுங்க. நாங்க யாரும் நகரல. ரொம்ப நேரம் கழிச்சு பெரியவ குனிஞ்சு வைக்கோலை இழுத்தா. சின்னவ பாத்தா. அவ வாயில தொங்கின வைக்கோலையே இந்தப் பக்கம் இருந்து கடிச்சா.

தின்னா குருவி. தானா தின்னா.

சூளைக்காரர் துண்டை வாயில வெச்சுக்கிட்டு வெளிய போயிட்டாரு. டாக்டர் தம்பி தரையிலயே உக்காந்துட்டாரு. நான் சாமி பேரைச் சொல்லி அழுதேன். நீ இல்லையேன்னும் அழுதேன்.

சாப்பாட்டை மறந்துடாத.

உன் அத்தை

ஏப்ரல் 2

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். பென்சிலில் எழுதுவதற்கு மன்னிக்கவும். பேனா எல்லாம் ஆடுகள் வயிற்றில்.

நான் நலமாக இருக்கிறேன். பாய் இருக்கிறது, படுக்கத்தான் நேரமில்லை. சின்னவளுக்கு ஒரேயடியாக நிறையப் போட வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. கட்டு மாற்றும்போது பெரியவளைக் கண்ணுக்கு எதிரிலேயே நிறுத்துங்கள். குளம்பின் மேல் ஓரத்தில் புதிதாக வளர்கிறதா என்று மட்டும் பாருங்கள். வளர்ந்தால் நடப்பாள்.

நேற்று ஒரு ஆடு இறந்துவிட்டது. கடைசி வரை பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவிக்கொண்டிருந்தேன். அப்புறம் எழுந்து கை கழுவிவிட்டு அடுத்ததைப் பார்க்கப் போனேன்.

மாற்றுச் சட்டை இரண்டு அனுப்புங்கள். அப்பா தினமும் பஸ்ஸில் வந்து ஓரமாக நின்றுவிட்டுப் போகிறார். ஏன் என்று கேட்டால் பஸ் எப்படி ஓடுகிறது என்று பார்க்க வந்ததாகச் சொல்கிறார். நாளைக்கு வந்தால் கையில் சொட்டு மருந்து பாட்டிலைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்லப்போகிறேன்.

அன்புடன்,
குருவி

ஜூன் 24

அன்பு மருமக குருவிக்கு,

ஆசீர்வாதம். இங்க மழை புடிச்சுக்கிச்சு, மலை மேல கரியெல்லாம் கழுவிக்கிட்டு ஓடுது. நாங்க சுகம். நீ டவுனுக்குத் திரும்பினதுல இருந்து உங்கப்பாவுக்குப் பொழுது போகல. பாட்டில் புடிச்ச கதையை டீக்கடையில எல்லார்கிட்டயும் சொல்லி முடிச்சுட்டாரு. இப்ப கேட்டவங்களுக்கே ரெண்டாவது சுத்து போகுது. டவரைச் சரி பண்ணிட்டாங்கதான், ஆனா போன்ல நீ "சரி அத்தை, சரி அத்தை"ன்னு வெச்சுடுற. லெட்டர்லதான் ஒழுங்கா பேசுற. அதனால இதுவே இருக்கட்டும்.

இன்னைக்கு மில்லு குடோனைக் காலி பண்ணிட்டோம். கடைசியாப் போனது சின்னவதான். புதுக் குளம்பு பாதிக்கு மேல இறங்கிடுச்சு. ஒரு காலை மட்டும் கொஞ்சம் தூக்கி வைக்கிறா, புதுச் செருப்பு போட்ட பொண்ணு மாதிரி. இனிமே மண்ணு சுமக்கக் கூடாதுன்னு டாக்டர் தம்பி கண்டிச்சு சொல்லிட்டாரு. சூளைக்காரர் பொழப்பு என்னாகுமோன்னு எனக்குப் பக்குன்னுச்சு. அவரு யோசிக்கவே இல்ல. "பெரியவ சுமப்பா. இது சும்மா கூட நடக்கட்டும். இது நடக்கலைன்னா அவ எங்க நடக்கப்போறா?"ன்னாரு. மூணு பேரும் ரோடு ஏறிப் போனதைக் கண்ணு மறையிற வரைக்கும் பாத்துக்கிட்டு நின்னோம். வீட்டுக்கு வந்து டீயில ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டேன். இதை யார்கிட்டயும் சொல்லாத.

என் மூக்குக் கண்ணாடியை ஒரு கன்னுக்குட்டி மிதிச்சுடுச்சு. புதுசு வர்ற வரைக்கும் படிக்க முடியாது. எழுதுறது குத்துமதிப்பா எழுதிடுவேன்.

மழையில நனையாத.

உன் அத்தை

ஜூலை 14

அன்புள்ள அத்தைக்கு,

குருவியின் வணக்கம். நீங்கள் இருவரும் நலம்தானே? கண்ணாடி வந்துவிட்டதா?

கம்பெனி வேலையைப் போன மாதமே விட்டுவிட்டேன். நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. செக்போஸ்ட்டில் என்னோடு நின்றவர்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறார்கள். எங்கே என்ன ஆபத்து வந்தாலும், கால்நடைகளை மேட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எங்கள் வேலை. ஒன்றாகப் பழகியவற்றைப் பிரிக்கக் கூடாது என்பதை எல்லாருக்கும் முதலில் சொல்லிக் கொடுக்கிறேன்.

ஆற்றோர ஊரில் தண்ணீர் ஏறுகிறதாம். இன்று மாலை அங்கே போகிறோம். வெள்ளம்தான், அத்தை. போன தடவை போன அதே ஊர்.

பயமாக இருக்கிறது. ஆனாலும் போகிறேன். அங்கே ஆள் போதாது, ஒரு பழைய தானியக் கிடங்கில் முகாம் போடுகிறார்கள்.

அப்பாவிடம் இப்போது சொல்ல வேண்டாம். போய்ச் சேர்ந்த பிறகு நானே சொல்கிறேன்.

உங்கள் பிரார்த்தனையில் என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
குருவி

ஜூலை 16

என் குருவிக்கு,

ஆசீர்வாதம். நாங்க சுகம். கையெழுத்து ஆடுதேன்னு பாக்காத, பஸ்ல உக்காந்து எழுதுறேன். புதுக் கண்ணாடி இன்னும் வரல.

அப்பாகிட்ட சொல்லாதீங்கன்னு எழுதியிருந்த. உன் லெட்டரை எனக்குப் படிச்சுக் காட்டினதே அவருதான் கண்ணு. அந்த வரியையும் ராகம் போட்டுப் படிச்சாரு. படிச்சு முடிச்சாரு. மடிச்சு என் கையில குடுத்தாரு. உள்ள போனாரு. கொஞ்ச நேரத்துல பாத்தா, சட்டை மாட்டிக்கிட்டு, பையைத் தோள்ல போட்டுக்கிட்டு வாசல்ல நிக்கிறாரு. "எங்கண்ணே?"ன்னேன். "பாட்டில் புடிக்கத் தெரிஞ்ச ஆளு அங்க யாரு இருக்கா?"ன்னாரு.

நான் உனக்கு ஆசீர்வாதம் பண்ணி நாலு வரி எழுதி டிரைவர் தம்பிகிட்ட குடுக்கலாம்னுதான் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். சத்தியமா அவ்வளவுதான் நினைச்சேன். குடுக்கிறதுக்குப் படியில ஏறினேன். ஜன்னலோர சீட்டு காலியா இருந்துச்சு. உக்காந்துட்டேன். வீட்டுச் சாவியை டீச்சர்கிட்ட ஜன்னல் வழியா குடுத்தேன். அவங்க சிரிச்சுக்கிட்டே விசில் ஊதினாங்க, டிரைவர் தம்பி கண்டக்டர்னு நினைச்சு வண்டியை எடுத்துட்டாரு.

உங்கப்பா முன்னாடி சீட்டுல உக்காந்து, "கியரை மாத்து, கியரை மாத்து"ன்னு அந்தத் தம்பி உசுரை வாங்குறாரு. வெளிய மழை கொட்டுது. சாமி பேரைச் சொல்லிக்கிட்டே வர்றேன். உனக்குப் பயமா இருக்குன்னு எழுதினியே, எனக்கும்தான் இருக்கு. ரெண்டு பேரும் சேந்து பயந்துக்கலாம், அதுக்கு என்ன.

உங்க ஊரு பஸ் ஸ்டாண்டுல இறங்கி, ஆத்தோரத்துக்குப் போற வண்டியைப் புடிச்சு, அந்தத் தானியக் கிடங்கு எங்கன்னு கேட்டுக்கிட்டு வந்துடுவோம். இந்த லெட்டரை நானே உன் கையில குடுப்பேன். பதில் எழுத வேணாம். என்ன வேலைன்னு மட்டும் சொல்லு.

உன் அத்தை